கேமராவுக்கு முன் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து சில மாதங்கள் ஆனவுடன், அடுத்து எழும் ஆசை பெரும்பாலும் கேமராவாகத்தான் இருக்கிறது. "மிரர்லெஸ் கேமரா என்கிறார்களே, வாங்கலாமா?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கின்றனர். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் கேமராவைக் கையில் பிடித்துப் பார்த்தவுடன் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது தரும் பைலை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று இங்கு பார்ப்போம்.

கேமரா விற்பனையாளர் ஒருவர் கொல்லிமலையில் நடத்திய ஒரு நாள் பயிற்சி முகாமிற்கு அண்மையில் சென்றிருந்தேன். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், மேசை மீது கேமராக்களையும் லென்ஸ்களையும் வரிசையாக வைத்திருந்தார்கள். விரும்பியதை எடுத்துக் கொண்டு போய்ப் படம் பிடிக்கலாம். எனக்குக் கிடைத்தது நிகான் இஸட்50-2. 2019ல் வந்த இஸட்50 கேமராவின் அடுத்த வடிவம் இது; 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 20.9 மெகாபிக்ஸல். பேட்டரி, மெமரி கார்டுடன் எடை சுமார் 550 கிராம். உடன் 16-50 எம்.எம். லென்ஸ் ஒன்றையும் கொடுத்தார்கள்.

மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியவுடன் கண்ணாடி மேலே எழும்பி, ஒளி சென்சார் மீது விழும். "டக்" என்ற சத்தம் அதனால்தான் வருகிறது. மிரர்லெஸ் கேமராவில் இந்தக் கண்ணாடி இல்லை. சென்சார் எப்போதும் காட்சியைப் பார்த்துக் கொண்டிருக்கிறது. அது பார்ப்பதைச் சிறிய எலக்ட்ரானிக் திரையில் நாமும் பார்க்கிறோம். லென்ஸை மாற்றக்கூடிய இவ்வகைக் கேமராக்களின் வரிசை 2008ல் பானாசோனிக் ஜி1 கேமராவுடன் தொடங்கியது. கேனன், நிகான் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் 2018ல் புல் பிரேம் சென்சாருடன் இதில் இறங்கின. இன்று புதிதாக வருபவற்றில் பெரும்பாலானவை மிரர்லெஸ் கேமராக்களே.

எனக்குப் பிடித்தது

கண்ணாடி போனதால் புதியவர்களுக்கு என்ன லாபம்? இதை ஆகாய கங்கை அருவியில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. தண்ணீர் பளீரென்ற வெள்ளை, பாறை கறுப்பு. கேமராவைத் தானியங்கி முறையில் வைத்து எடுத்தால் தண்ணீர் வெறும் வெள்ளைத்தாள் போல வந்துவிடும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு எடுத்த பிறகுதான் இது தெரியும். மிரர்லெஸ் கேமராவிலோ எடுப்பதற்கு முன்னரே திரையில் தெரிகிறது. எக்ஸ்போஷர் அளவை மைனஸ் 1க்குக் கொண்டு வந்தேன். தண்ணீரின் இழைகள் கண் முன்னே தெளிந்து வந்தன. புத்தகத்தில் பத்து பக்கம் படித்துப் புரிந்து கொள்வதை ஒரு நிமிடத்தில் கண்ணே கற்றுக் கொள்கிறது. என்னைக் கேட்டால், புதியவர்கள் மிரர்லெஸ் கேமரா வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

இனி மறுபக்கத்திற்கு வருவோம். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்லும் கொல்லி மலைத் தலைவன் அவன். அவன் மலையில் நின்று கொண்டு நாங்கள் செய்தது நேர்மாறானது. இந்தக் கேமரா நொடிக்கு 11 படங்கள் எடுக்கும். கிளையில் அமர்ந்த ஒரு பறவைக்காக முகாமிற்கு வந்திருந்தவர்கள் ஆளுக்கு 100, 200 என்று சுட்டுத் தள்ளினார்கள். பிலிம் காலத்தில் 36 படங்களோடு ஒரு சுற்றுலாவையே முடித்தவர்கள் நாம். இப்போது பட்டனை அழுத்தக் காசில்லை என்று நினைக்கிறோம். காசு இருக்கிறது, அதை வாங்கிக் கொள்ளும் இடம் உங்கள் கம்ப்யூட்டர்.

ஒரு சின்னக் கணக்கு

டிஜிட்டல் கேமராக்கள் படத்தை இரண்டு வகை பைலாகப் பதிகின்றன. ஒன்று ஜேபெக், மற்றொன்று ரா. ஜேபெக் என்பது சோறு. ரா என்பது அரிசி. அரிசி கையில் இருந்தால் பொங்கல், புலாவ் என எது வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம். ஆனால் அடுப்பும் பாத்திரமும் நேரமும் வேண்டும். முகாமில் "இரண்டையும் பதியுங்கள்" என்று அறிவுரை சொன்னார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் இந்த அளவு சென்சாரில் ரா பைல் சுமார் 25 எம்பி, ஜேபெக் பைல் சுமார் 10 எம்பி வரும். ஒரு நாளில் 600 படங்கள் எடுத்தால் 21 ஜிபி. வருடத்தில் இப்படி 20 நாட்கள் எடுத்தால் 420 ஜிபி. இன்று வீடுகளில் வாங்கும் பல லேப்டாப்களில் இருப்பது 256 அல்லது 512 ஜிபி டிஸ்க். அதிலும் விண்டோஸுக்கும் புரோகிராம்களுக்கும் இடம் போக மீதிதான் நமக்கு.

இதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன? இந்தக் கேமராவின் படம் 5568 x 3712 பிக்ஸல் கொண்டது. உங்கள் முழு எச்.டி. மானிட்டரோ 1920 x 1080 பிக்ஸல், அதாவது சுமார் 2 மெகாபிக்ஸல்தான் காட்டும். 6 x 4 அங்குல பிரிண்டுக்கும் ஏறத்தாழ அவ்வளவே தேவை. 18 அங்குல அகலத்திற்குப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டினால்தான் இத்தனை பிக்ஸலும் வேலை செய்யும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு சரி என்பவர்களுக்கு, கையில் உள்ள மொபைல் போனே போதும் என்பது என் கருத்து. அதிலும் படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போகும்.

முகாம்கள் சொல்லாதது

இத்தகைய முகாம்களை நான் குறை சொல்லவில்லை. கடையின் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்ப்பதைவிட, மலையில் மூடுபனியிலும் வெயிலிலும் சோதித்துப் பார்ப்பது பல மடங்கு மேல். ஆனால் அங்கே படத்தை நமக்குக் காட்டுவது கேமராவின் பின்னால் உள்ள சுமார் மூன்று அங்குலத் திரை. அதில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். மாட்டித் தரும் லென்ஸ் பல சமயம் கேமராவைவிட விலை கூடியது. கம்ப்யூட்டர், டிஸ்க், பேக்கப் என்ற சொற்கள் அன்று முழுவதும் யார் வாயிலும் வரவில்லை.

வந்திருந்தவர்களில் ஒருவர் மாதத் தவணையில் கேமரா வாங்கத் தயாராக இருந்தார். வீட்டில் 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர். குழந்தையின் முதல் இரண்டு வருடப் படங்கள் அனைத்தும் அதன் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். வேறு எங்கும் நகல் இல்லை. கேமராவை அடுத்த வருடம்கூட வாங்கலாம். அந்த டிஸ்க் ஒரு நாள் "கடகட" என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால், அந்தக் குழந்தையின் முதல் நடையை எந்தக் கேமராவாலும் மீண்டும் எடுக்க முடியாது. பணம் எதற்கு முதலில் போக வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

1. முகாமிற்கோ கடைக்கோ செல்லும்போது உங்கள் சொந்த மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். அனுமதி கேட்டு அதில் படம் எடுங்கள். நான் கேட்டேன், தந்தார்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

2. விலை உயர்ந்த லென்ஸை ஆசைக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். முடிவு செய்வது, நீங்கள் வாங்கப் போகும் சாதாரண லென்ஸில் எடுத்த படத்தை வைத்து இருக்கட்டும்.

3. வீட்டிற்கு வந்து ரா பைலைத் திறந்து பாருங்கள். நிகான் தரும் என்.எக்ஸ். ஸ்டுடியோ, எந்த நிறுவனத்தையும் சாராத டார்க்டேபிள், ராதெரபி ஆகிய சாப்ட்வேர்கள் இலவசம். ஒரு படம் திறக்கவே நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால், ராம் சேர்க்க வேண்டும், அல்லது ஜேபெக் மட்டும் போதும் என்று முடிவு செய்ய வேண்டும்.

4. கார்டு ரீடரை யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் செருகுங்கள். பல கம்ப்யூட்டர்களில் இதன் உள்பகுதி நீல நிறத்தில் இருக்கும். பழைய 2.0 போர்ட் என்றால் 21 ஜிபியை மாற்ற 10 நிமிடங்களுக்கு மேல் ஆகலாம்.

5. கார்டிலிருந்து படங்களை கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். இரண்டு இடங்களில் காப்பி ஆனதைத் திறந்து பார்த்து உறுதி செய்த பின், கார்டைக் கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள்.

6. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதியை மனதில் வையுங்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டிற்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இன்டர்நெட் சேமிப்பிலோ ஊரில் அண்ணன் வீட்டில் உள்ள டிஸ்க்கிலோ ஒன்று என வைத்துக் கொள்ளலாம்.

7. எடுத்த அன்றே உட்கார்ந்து வேண்டாதவற்றை நீக்குங்கள். கொல்லிமலையில் நான் எடுத்த 412 படங்களில் 31 மட்டுமே இப்போது என் டிஸ்க்கில் உள்ளன. மற்றவற்றை நீக்கியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கேமரா வாங்க ஒரு தொகையை ஒதுக்கியிருந்தால், அதிலிருந்து முதலில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றும், நல்ல மெமரி கார்டு ஒன்றும், கூடுதல் பேட்டரி ஒன்றும் வாங்குவதற்கான பணத்தை எடுத்துத் தனியே வையுங்கள். சென்சாரும் திரையும் எப்போதும் விழித்திருப்பதால், மிரர்லெஸ் கேமராக்களுக்குக் கூடுதல் பேட்டரி கட்டாயம் தேவை. மீதமுள்ள பணத்திற்கு எந்தக் கேமரா கிடைக்கிறதோ அதுவே உங்களுக்கு ஏற்ற கேமரா. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் இந்த வாரமே வாங்கி, இப்போது மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் சிதறிக் கிடக்கும் குடும்பப் படங்களை அதில் காப்பி செய்து வையுங்கள். கேமராவைப் பிறகு நிதானமாகப் பார்த்துக் கொள்ளலாம்.