பாதி நடக்கறவனுக்கு முழு டிக்கெட்டு

போன மே மாசம் அக்கா புள்ளைங்க ரெண்டும் லீவுக்கு வந்திருந்துச்சுங்க. தீம் பார்க், தீம் பார்க்னு ஒரே நச்சரிப்பு. சென்னைக்கு வெளிய இருக்கற ஒண்ணுக்கு (பேரு வேணாம், விளம்பரம் ஆயிடும்) அஞ்சு பேரா கெளம்பினோம்.

என்னைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: சின்ன வயசுல போலியோ. இடது காலுக்குக் காலிப்பர், கையில ஒரு குச்சி. வீடு, ஆபீஸ் எல்லாம் நடந்தே சமாளிச்சிடுவேன். ஆனா ஒரு அம்பது அறுபது அடி எடுத்து வச்சா உக்காந்தாகணும். மீறி நடந்தா ராத்திரி இடுப்பு என்னைத் தூங்க விடாது.

வாசல்ல சக்கர நாற்காலி கேட்டேன். அங்க இருந்த தம்பி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "சார், நீங்கதான் நல்லா நடக்கறீங்களே?"ன்னாரு.

மேட்டரே இதுதான் மக்களே. நம்ம ஊரு மண்டையில ரெண்டே ஜாதி. ஓடறவன், இல்லாட்டி நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே முடியாதவன். நடுவுல இருக்கறவன் நடிக்கறவன்! மூட்டு தேஞ்ச அம்மா, பக்கவாதம் வந்து தேறின பெரியப்பா, பைக்ல விழுந்து கால்ல பிளேட் வச்சவன், நிறைமாச கர்ப்பிணின்னு உங்க வீட்டுலயே கணக்கு எடுங்க. நாங்கதான் அதிகம்.

ஆயிரம் ரூபா டெபாசிட் கட்டினதும் ஒரு நாற்காலி வந்துச்சு. கால் வைக்கற பலகை ஒண்ணைக் காணோம். சாய்தளம் இருந்துச்சு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். தண்ணி கேன் தள்ளு வண்டி ஏத்தறதுக்குப் போட்டது. ஒரு அடி உசரம் ஏற பன்னெண்டு அடி நீளம் வேணும்ங்கறது பொதுவான கணக்கு. இது நாலு அடியில முடிஞ்சுது. மாமாவும் மச்சானுமா சேந்து என்னைத் தள்ளினது, அந்தப் பார்க்லயே பெரிய சாகச ரைடு :-)

சக்கர நாற்காலிப் படம் ஒட்டின கழிப்பறையும் இருந்துச்சு. பூட்டியிருந்தாங்க. சாவி வாங்கித் தொறந்தா உள்ள பினாயில் கேனும் துடைப்பமும். உக்கார எடம்னா சாப்பாட்டுக் கடை மட்டும்தான். அங்க ஏதாவது வாங்கினாத்தான் உக்காரலாம். மூணு தடவை உக்காந்தேன், மூணு ஜூஸ் குடிச்சேன். அப்புறம் மறுபடி அந்தக் கழிப்பறை!

ரோலர் கோஸ்டர்ல ஏத்தலைன்னு நான் சண்டை போடலை. அது நடுவானத்துல நின்னு போனா படிக்கட்டு வழியா எறங்கணும், என்னால முடியாது. நியாயம். ஆனா தரையில ஊர்ற குழந்தைங்க ரயில்? "சேஃப்டி சார், மேல இருந்து ஆர்டர்." என்ன ரிஸ்க்குன்னு கேட்டா அவருக்கும் தெரியலை. பாவம், அவரைத் திட்டி என்ன பண்ண. அக்காவோட சின்னது, எட்டு வயசு, "நான் மாமாகூடவே இருக்கேன், எனக்கு ரயில் புடிக்காது"ன்னு வந்து பக்கத்துல உக்காந்துச்சு. காலையில இருந்து ரயில் ரயில்னு உசுரை வாங்கினதே அதுதான். எனக்கு மூஞ்சியை எங்க வச்சிக்கறதுன்னு தெரியலை.

"பஸ்லயே ஏற முடியாத ஊர்ல தீம் பார்க் ஒரு கேடா?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு. இந்தக் கேள்வியைத்தான் நாப்பது வருஷமா கேட்டுட்டு இருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா உச்சு கொட்டுவாங்க, வேலைக்குப் போகணும்னா பாராட்டுவாங்க. ஜாலியா இருக்கணும்னா மட்டும் "உனக்கு எதுக்குப்பா"ன்னு கேப்பாங்க. ஏன், காலிப்பர் போட்டவனுக்குப் போரடிக்காதா?

சட்டம் இதுல நம்மளை விடத் தெளிவு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம்னா என்னன்னு சொல்றப்போ தனியாருக்குச் சொந்தமானதையும், பொழுதுபோக்குக்கானதையும் சேத்தே சொல்லுது. பழைய கட்டடங்களைச் சரி பண்ண, விதிகள் வந்த 2017ல இருந்து அஞ்சு வருஷம் டைம். அது 2022லயே முடிஞ்சுது. மீறினா? முதல் தடவை பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதம். எங்க அஞ்சு பேரு டிக்கெட்டும் சாப்பாடும் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துச்சு. எந்த முதலாளி பயப்படுவான்? 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், இந்த அணுகல் விதி வெறும் சிபாரிசு மாதிரி இருக்கு, சட்டத்துக்கே முரண்னு சொல்லி, மூணு மாசத்துல கட்டாய விதிகளைப் போடச் சொல்லிச்சு. கோர்ட்டே மண்டையில குட்ட வேண்டியிருக்கு.

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவுல சான் அன்டோனியோவுல மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட்னு ஒண்ணு 2010ல இருந்து நடக்குது. தன் பொண்ணு கூட வெளையாட வந்தப்போ மத்த பசங்க வெலகிப் போனதைப் பாத்த ஒரு அப்பா கட்டினது. குடை ராட்டினத்துல நாற்காலியோடவே ஏறலாம். 2017ல தொறந்த தண்ணிப் பார்க்ல, நனைஞ்சாலும் கெடாத, காத்தழுத்தத்துல ஓடற நாற்காலி. மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. சரி, அது அமெரிக்கா, விடுங்க. நம்ம மெரினாவுலயே 2022 நவம்பர்ல மாநகராட்சி கடல் பக்கம் வரைக்கும் மரப்பாதை போட்டுச்சே. அடுத்த மாசமே மாண்டஸ் புயல் வந்து பிச்சுப் போட்டுச்சு, திரும்பவும் சரி பண்ணாங்க. கோடிக்கணக்குல புது ரைடு எறக்கறவங்களுக்கு நாலு பெஞ்சும் ஒரு ஒழுங்கான சாய்தளமும் பெருசா?

பார்க்குக்கு ஒரு மெயில் தட்டினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு பதிலோட, அடுத்த தடவைக்குப் பத்து சதவீத தள்ளுபடிக் கூப்பன் வந்துச்சு. பரீட்சை லீவுக்குப் புள்ளைங்க மறுபடி வருதுங்க. கூப்பனை எடுத்து வச்சிருக்கேன், கூடவே ஒரு அளவு டேப்பும்.