அடிக்கத் தெரிந்த எங்களுக்கு அடையாளம் காணத் தெரியவில்லை



சுபஹு தொழுதுவிட்டு வாய்க்கால் கட்டில் நடக்கப் போகிற எல்லோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். கோபத்தோடுதான் எழுதுகிறோம். முதல் கோபம் எங்கள் மீதே.

போன பெரும்போக வெள்ளாமை வெட்டுக் காலம். இருட்டு முழுதாக விலகவில்லை. எங்களோடு நடக்கும் காக்கா ஒருவர் செருப்புக் காலோடு புல்லுக்குள் மிதித்தார். குதிகாலுக்கு மேலே கடி. ஒரு முழம்கூட இல்லாத பாம்பு, உடம்பெல்லாம் வட்டம் வட்டமாகப் புள்ளி. ஒருவர் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். "மலைப்பாம்புக் குட்டி, பயமில்ல" என்றார் ஒருவர். "ஓம் ஓம், விஷமில்ல" என்று பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் நாங்களும் இருந்தோம்.

காக்கா வீட்டுக்குப் போய் மஞ்சள் பூசிக்கொண்டு படுத்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து முரசில் இரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கடித்தது கண்ணாடி விரியன் குட்டி. இரத்தம் உறையவில்லை, சிறுநீரகமும் பாதித்துவிட்டது. வாரக்கணக்கில் கிடந்து, அல்ஹம்துலில்லாஹ், மீண்டு வந்தார்.

அதே வாரம் வரம்பில் ஓடிய சாரை ஒன்றை அடித்துக் கம்பில் தொங்கவிட்டு, "நாகம் ஒன்று முடிந்தது" என்று அதே குரூப்பில் போட்டோம். லைக் குவிந்தது.

விரியனை மலைப்பாம்பு என்றோம். சாரையை நாகம் என்றோம். இதுதான் எங்கள் பாம்பறிவு!

இதை எங்கள் ஊர்க் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2012-2013இல் நாடு முழுவதும் வீடு வீடாகச் செய்த ஆய்வு ஒன்று, இலங்கையில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 464 பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு எங்களைப் போல வயலும் வாய்க்காலுமாக வாழ்கிறவர்கள்.

எல்லாப் பாம்பையும் படிக்க வேண்டியதில்லை. நாலைந்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

கண்ணாடி விரியன்: தடித்த உடம்பு, கட்டை வால், முக்கோணத் தலை. முதுகில் சங்கிலி கோர்த்தது போல ஒழுங்கான முட்டை வடிவப் புள்ளிகள். கிட்டப் போனால் குக்கர் போலச் சீறும், ஓடாது. மலைப்பாம்பின் திட்டுகளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. தேசப்படம் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.

நாகம்: படம் எடுத்தால் குழந்தைக்கும் தெரியும். எடுக்காமல் ஊர்ந்தால் சாரை மாதிரியே இருக்கும். ஆபத்து அங்கேதான். சாரைக்குப் பெரிய கண், மெல்லிய நீண்ட வால், உதட்டில் கறுப்புக் கோடுகள். சாரை நாகத்தின் சோடி என்பது வெறும் கதை. இரண்டும் வேறு வேறு இனம். வெள்ளாமையை அழிக்கும் எலியைக் கூலி வாங்காமல் பிடிப்பது இந்தச் சாரைதான்.

எண்ணெய் விரியன்: சிங்களத்தில் கரவலா. மினுங்கும் கறுப்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். வளையம் கழுத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால் பக்கம் தெளிவாக இருக்கும். இது ராத்திரிப் பாம்பு. பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கும். "கடியே இல்லயே" என்று இருந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் தூரத்தில் நின்று பார்த்து விலகிப் போவதற்கு. கடித்த பிறகு பெயர் தேடிக்கொண்டு நிற்பதற்கு அல்ல. ஆஸ்பத்திரிக்குப் பாம்பைக் கொண்டுபோக வேண்டாம். அடித்துப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குகிறார். டாக்டர்மார் அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று சின்னக் குழாயில் வைத்துப் பார்க்கிறார்கள். உங்கள் குரூப்பின் தீர்ப்பு அவர்களுக்குத் தேவையில்லை.

சிலர் கேட்பார்கள்: "பாம்பை அடிக்க மார்க்கத்தில் அனுமதி இருக்குத்தானே?" இருக்கிறது. வீட்டில் கண்ட பாம்பை உடனே அடிக்காமல் முதலில் எச்சரிக்கச் சொன்ன ஹதீஸும் இருக்கிறது. அதை ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை? அனுமதி வேறு, தன்பாட்டில் போகிறதைத் துரத்தித் துரத்தி அடித்துப் படம் எடுப்பது வேறு.

"ஓதிப் பார்த்தால் இறங்கும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓதுங்கள், நாங்களும் ஓதுகிறோம். ஆனால் அம்புலன்சில் ஏறிக்கொண்டு ஓதுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. விஷக்கல் வைப்பது, கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

கட்டோரம் குப்பைப் பையை வீசிவிட்டு "பாம்பு கூடிப்போச்சு" என்று முறையிடுவதும் நாங்கள்தான். குப்பைக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். பாம்புக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை.

ஆசிரியர்களான எங்களுக்கும் இதில் பங்குண்டு. முதலாம் ஆண்டில் "பா"வுக்குப் பாம்பு என்று படமெடுத்த நாகத்தைக் காட்டினோம். அதோடு பாடம் முடிந்தது. வெள்ளாமை ஊர்ப் பிள்ளை சாரைக்கும் நாகத்துக்கும் வித்தியாசம் தெரியாமலே ஓ.எல். எழுதிவிட்டுப் போகிறது. வருகிற தவணையில் எங்கள் வகுப்புச் சுவர்களில் இந்தப் பாம்புகளின் படம் ஒட்டப்போகிறோம். மற்றப் பாடசாலைச் சகோதரர்களும் செய்யுங்கள்.

நாளை சுபஹுக்குப் பிறகு வருகிறவர்கள் சப்பாத்தும் டோர்ச்சும் கொண்டு வாருங்கள். பாம்பைக் கண்டால் நின்று வழி விடுங்கள். கடித்தால் காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, 1990க்கு அழையுங்கள். காசு இல்லை.

படம் குரூப்புக்கு வரட்டும். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வரட்டும்.

அல்லாஹ் எங்கள் எல்லோரையும் பாதுகாப்பானாக.