முன் பெஞ்சில் போய் உட்காரு

"கோயிலுக்கு எதுக்குப் போகணும்? பூசைதான் செல்போன்லயே வருதே" என்கிறான் கல்லூரியில் படிக்கும் தம்பி. 2020 ஊரடங்கில் வந்த பழக்கம். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு அது ஆறுதல்தான். நமக்கு?

செல்போனில் அவரவர் அவரவர் வீட்டில். யார் பக்கத்திலும் யாரும் உட்கார வேண்டியதில்லை. தீண்டாமைக்கு இதைவிட வசதி வேறென்ன வேணும்?

வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள் தோழர்களே. 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயில். பீடம் ஒன்று, சனங்கள் நிற்கும் பகுதி இரண்டு. வேளாளர் ஒரு பக்கம், நாடாரும் மற்ற சாதியாரும் மறுபக்கம், நடுவில் சுவர். 1910இல் சுவரை இடித்தார்கள். வேளாளர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். சேர்ந்து உட்காருவது சின்ன விஷயமென்றால் வழக்கு எதற்கு?

வழிபாட்டில் உடம்புக்கும் பங்குண்டு. ஒரே பெஞ்சில் தோள் உரச உட்காருவது, ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குவது. சமாதானம் சொல்லும்போது எவன் நம் முகத்தைப் பார்க்கிறான், எவன் திரும்பிக்கொள்கிறான் என்பது நேரில் போனால்தான் தெரியும். தெரிந்தால்தானே கேட்க முடியும்?

நம்பிக்கையில்லாத தோழர்களை நான் கோயிலுக்கு இழுக்கவில்லை. நம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போங்க. அப்பத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ஓரத்தில் நிற்காமல் முன் பெஞ்சில் உட்காருங்க. நாம் போகாவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. பழைய ஆளே வந்து உட்கார்ந்துகொள்வான்.