கூடத்தில் ஓடிய மோட்டார்

பிச்சாவரம் போய் வந்ததைப் பற்றி எழுதுகிறேன் என்று போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் மனசு சுரபுன்னைக் காட்டுக்குப் போக மாட்டேன் என்கிறது. சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகையால், நேயர்களே, முதலில் கூடத்துக்கு வாருங்கள்.

அங்கே தரையில் ஒரு மோட்டார் வண்டி கிடந்தது. முழு வண்டி அல்ல. மேல்கூடு, கதவு, மெத்தை ஒன்றும் இல்லாத வெறும் அடிச்சட்டம். சேஸிஸ் என்கிறார்களே, அது. நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அத்தனையும் பிளாஸ்டிக்!

"லெகோ சித்தி!" என்றான் அக்காவின் சின்ன மகன், தானே செய்தது போல் மார்பை நிமிர்த்திக்கொண்டு. சிங்கப்பூரிலிருந்து அவன் பெரியப்பா அவனுக்கென்று வாங்கி வந்த பெட்டி. விலையை இங்கே எழுத மாட்டேன். அக்காவும் இந்தப் பத்திரிகை படிக்கிறவள். பையன் இரண்டு நாள் விளையாடிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவன் அக்கா. பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பெண்.

டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்ற ஊரில் ஒரு தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். அந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான் லெகோ. ஒன்றோடு ஒன்று கெட்டியாய்ப் பிடித்துக்கொள்ளும் இன்றைய கட்டைக்கு 1958-ல் காப்புரிமை கேட்டார்கள். 1977-ல் பல்சக்கரம், அச்சு எல்லாம் சேர்த்து ஒரு மோட்டார் சேஸிஸே வெளியிட்டுவிட்டார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். வண்டியை உருட்டினால் எஞ்சினில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். 1980-ல் வந்த அடுத்த சேஸிஸில் டிஃபரென்ஷியலும் சேர்ந்தது.

டிஃபரென்ஷியலா, அது என்ன பூதம் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் பார்த்திருக்கிறாயா சித்தி?" என்றாள்.

பார்க்காமல் என்ன? கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் தேர் திரும்பும் மூலையில் நின்று பார்த்திருக்கிறேன். முட்டுக்கட்டை போடுகிறவர்களின் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

"அந்த மூலையில் உள்பக்கம் வடம் பிடிக்கிறவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், வெளிப்பக்கத்து வடக்காரர்கள் ஓட்டமாய் ஓடுவார்கள், இல்லையா? மோட்டார் திரும்பும்போதும் அப்படித்தான். வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். அதனால் அச்சை நடுவில் வெட்டி, இடையில் பல்சக்கரங்களை வைத்து, அவரவர் வேகத்தில் போங்கள் என்று விட்டுவிடுகிறோம்."

இதைவிடத் தெளிவாய் எனக்கு எந்த வாத்தியாரும் பாடம் சொன்னதில்லை, போங்கள்!

சரி, கூடத்தில் எதற்குச் சண்டை? பெண் மோட்டார் படிப்புப் படிக்கிறேன் என்கிறாள். மெக்கானிக்கல் எஞ்சினீயரிங். அத்தானோ வேறு எதை வேண்டுமானாலும் படி என்கிறார். "எண்ணெய்ப் பிசுக்கும் சுத்தியலுமாக ஒரு பெண் பிள்ளையா?" அக்கா இரண்டு பக்கமும் தலையாட்டுகிறாள். சென்னைக் கிண்டியில் 1940-களிலேயே, கைக்குழந்தையோடு விதவையான அ. லலிதா எஞ்சினீயரிங் படித்துத் தேறியதை நான் எடுத்துச் சொன்னேன். "அது மின்சாரம், இது மோட்டார்" என்று அத்தான் ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார். பாங்கியில் கடன் மனுக்களைத் திருப்பி அனுப்பிப் பழகிய வாய்!

விஷயத்தைக் குழப்பியவள் பாட்டி, அத்தானின் தாயார். "ஒரு படி அரிசி சுமக்காத வண்டி என்னடி வண்டி?" என்று, பையில் அரிசி அளந்து கொண்டுவந்து சேஸிஸின் மேலேயே வைத்துவிட்டாள். பெண் பாட்டரியைப் போட்டாள். வண்டி நகரவில்லை. கட, கட, கட என்று வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம். அத்தான் ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளைப் புரட்டினார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள்தான் பிச்சாவரம். 'இதயக்கனி' 1975-ல் வந்த நாளிலிருந்து அந்தக் கால்வாய்களைப் பார்க்க எனக்கு ஆசை என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். துடுப்புப் படகு குறுகலான வாய்க்காலில் நுழைந்ததும் வெயில் போன இடம் தெரியவில்லை. சுரபுன்னை மரங்கள் பக்கவாட்டில் வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி, பத்துக் கால் உள்ள பிராணி மாதிரி நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காட்டின் மறைவில் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. அந்தப் பெண் வேர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். படகுக்காரர் காட்டிய நாரையைக்கூடப் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் கைகால் கழுவாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பல்சக்கரங்களில் குற்றமில்லையாம். எட்டுப் பல் சக்கரம் இருபத்துநாலு பல் சக்கரத்தைத் தள்ளினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும், முறுக்குகிற பலம் மும்மடங்காகும். அந்தப் பலத்தைத் தாங்காமல் சட்டம் இரு பக்கமும் விரிந்து கொடுக்கிறது, பல் பல்லைத் தாண்டுகிறது, அதுதான் கடகட. சட்டத்துக்குக் குறுக்கே இரண்டு கட்டை, மூலைவாட்டில் இரண்டு கட்டை போட்டு இறுக்கினாள்.

"சுரபுன்னை வேரைப் பார்த்துத்தானே?" என்றேன், எனக்கு ஒரு கட்டுரை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில்.

"இல்லை சித்தி, நம் கொல்லைக் கொட்டகைச் சாரத்தைப் பார்த்து. படகில் யோசிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்."

பத்திரிகைக்காரி பிழைப்பைப் பார்த்தீர்களா!

பாட்டி மறுபடி அரிசிப் பையை வைத்தாள். வண்டி மெதுவாக, மிக மெதுவாக, கூடத்தைக் கடந்து சமையலறை நிலைப்படி வரை போய் முட்டி நின்றது. சின்னவன் கை தட்டினான். 2018-ல் பத்து லட்சத்துக்கும் மேலான லெகோத் துண்டுகளில், பசையே இல்லாமல், மனிதர் உட்கார்ந்து ஓட்டுகிற நிஜ அளவு மோட்டாரையே செய்து ஓட்டினார்கள் என்று அளந்தான். அளப்பு இல்லை, உண்மைதான். 1500 கிலோ எடை, 2304 சின்ன மோட்டார்கள்.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. அத்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேஸிஸைத் தூக்கிப் பிடித்து, ஒரு பின் சக்கரத்தை முன்னால் சுற்றிக்கொண்டிருந்தார். மற்றது பின்னால் சுற்றியது. திரும்பவும் சுற்றினார்.

"இது ஏன் தலைகீழாகச் சுற்றுகிறது?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எனக்கென்ன தெரியும் அத்தான்? வீட்டில் தெரிந்தவளைக் கேளுங்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "தூங்கிவிட்டாளா பார்" என்றார்.