ஓடுறதில கை வைக்காத

காரைநகர் வலந்தலைச் சந்தியில் தேத்தண்ணீர்க் கிளாசும் கையுமாக நின்றுகொண்டு, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணை ஒருவர் பெடியளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய நிறுவனமொன்றின் கணினிப் பிரிவுக்குத் தலைவராம். "தம்பியவை, முப்பது வருச அனுபவத்தில சொல்லுறன், ஓடுறதில கை வைக்காதேங்கோ." சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் ஐ.ரி. படிக்கிறவர்கள். நாளைக்கு ஏதோவொரு ஆஸ்பத்திரியின் தரவு இவர்கள் பொறுப்பில் வரும் என்று நினைத்தேன். தேத்தண்ணீர் கசந்தது.

இந்த வாசகம் எனக்குப் புதிதல்ல. கொழும்பில் சேமிப்பகப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கேட்காத வருடம் இல்லை.

சேமிப்பகம் என்று நான் சொல்வது மடிக்கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கை அல்ல. ஆள் உயர இரும்பு அலுமாரி, உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள், அவற்றை ஆள இரண்டு கொன்ட்ரோலர்கள். நிறுவனத்தின் சேவர்கள் அத்தனையும் தங்கள் தரவை அதில்தான் வைத்திருக்கும். கொன்ட்ரோலரில் ஒரு மென்பொருள் ஓடும், ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் சின்னதாய் இன்னொன்று ஓடும். இவற்றை எப்போது புதுப்பிப்பது என்பதுதான் வழக்கு. அண்ணையின் கட்சி சொல்லும் திகதி, பெட்டி செத்த அடுத்த நாள்.

முதல் வாதம்: ஓடுகிறது என்றால் சுகமாக இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறதாம், பிறகு என்ன கவலை?

2019 நவம்பரில் ஹியூலெட் பக்கார்ட் என்ரபிரைஸ் நிறுவனம் வாடிக்கையாளருக்கு ஓர் அவசர அறிவித்தல் அனுப்பியது. தான் விற்ற சில வகை எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் 32,768 மணித்தியாலம் ஓடியதும் நின்றுவிடும் என்றது அது. கணக்குப் போட்டால் 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். நின்ற டிஸ்க்கை எழுப்பவும் முடியாது, அதிலிருந்த தரவை மீட்கவும் முடியாது. வெப்பம், தூசி, மின்வெட்டு எதுவும் காரணமில்லை. டிஸ்க்கின் உள்மென்பொருளில் ஒரு பிழை, அவ்வளவுதான். திருத்தம் ஒரு சின்ன அப்டேற்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 32,768 என்பது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. 16 பிட்டில் குறியோடு எழுதும் எண் 32,767-உடன் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் கணக்கு மறைப் பக்கம் புரளும். பழைய காரின் மைல்மானி 99,999-க்குப் பிறகு பூச்சியத்துக்குத் திரும்புமே, அந்தச் சாதி. காரென்றால் சிரித்துவிட்டு ஓட்டலாம். இந்த டிஸ்க் செத்துப்போகும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும் என்பதுதான் ரெய்ட் ஏற்பாடு. எங்கள் தொழிலில் எல்லோரும் நிம்மதியாக உறங்குவது அதை நம்பித்தான். டிஸ்க்குகள் வெவ்வேறு நாளில் சாகும் என்ற ஊகத்தின் மேல் கட்டிய ஏற்பாடு அது. ஆனால் எவர் டிஸ்க்கை ஒவ்வொன்றாக வாங்குகிறார்? இருபத்துநான்கை ஒரே பெட்டியில் இறக்கி, ஒரே பின்னேரம் சுவிச்சைப் போடுகிறோம். இருபத்துநான்கும் ஒரே நாழிகையில் பிறந்த பிள்ளைகள், ஒரே சாதகம். முதலாவது நின்று, மாற்று டிஸ்க் எங்கே என்று தேடி முடிவதற்குள் மற்றவையும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். அறிவித்தலே இந்த அபாயத்தைச் சொல்லியது: ஒன்றாகப் பூட்டியவை ஏறத்தாழ ஒன்றாகவே விழக்கூடும்.

ஆக, 3 வருடமும் 270 நாளும் அண்ணை சொல்வது சரி. விளக்கு பச்சை, வேகத்தில் குறையில்லை, முறைப்பாடு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் எட்டாவது மணித்தியாலம்தான் தொல்லை. அவர் கை வைக்காமல் இருந்த அவ்வளவு காலமும் டிஸ்க் உள்ளே இருந்து எண்ணிக்கொண்டே இருந்தது.

ஒரு முறைதானே என்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் அதே நிறுவனம் வேறு சில டிஸ்க்குகளுக்கு இன்னோர் அறிவித்தல் விட்டது. இந்தத் தடவை 40,000 மணித்தியாலம். கணினிப் பெட்டிக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. போயிங் 787 விமானம் 248 நாள் மின்சாரம் நிறுத்தாமல் இருந்தால் அதன் மின்பிறப்பாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒருமிக்க நின்றுவிடலாம் என்று 2015-இல் அமெரிக்க விமானத்துறை கட்டளை பிறப்பித்தது. அங்கேயும் ஒரு எண்ணி நிரம்பி வழிந்ததுதான். ஓடுகிற விமானத்தில் கை வைக்காதே என்று அண்ணை போய்ச் சொல்லட்டும்.

இரண்டாவது வாதம்: புதுப் பதிப்பில் பிழை இருக்கும், மற்றவன் முதலில் விழட்டும். உடனே 2024 ஜூலை 19-ஐ எடுத்து நீட்டுவார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே அப்டேற்றில் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்த நாள். அது நேரம் காலம் பார்க்காமல் எல்லார் தலையிலும் ஒரே நாளில் கொட்டியது. நேரம் பாருங்கள் என்றுதானே நானும் கத்துகிறேன்? இரண்டு மாதம் பொறுக்கலாம். அண்ணையின் கட்சிக்காரர் ஆறு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, நேரமில்லை. ராகுகாலம் பார்த்து லொறிக்குப் பெயின்ற் அடிக்கிற சனத்துக்கு இதற்கு மட்டும் நல்லநேரம் வாய்ப்பதே இல்லை. மார்கழி ஆண்டிறுதி, தொடக்கூடாது. தை, கணக்கு முடியவில்லை. மார்ச் 31 நிதியாண்டு முடிவு. சித்திரையில் வருடப்பிறப்பு, வைகாசியில் வெசாக். ஆனியில் கணக்காய்வாளர் வந்துவிடுவார். பிறகு முகாமையாளர் லீவு. கோவளத்துக் கடற்தொழிலாளி வள்ளத்தைக் கரையேற்றி அடி பார்க்கக் காற்றைப் பார்த்து நாள் குறிக்கிறார். அவருக்கு முடிவது குளிரூட்டிய அறைக்குள் இருப்பவர்களுக்கு முடியவில்லை.

நான் வேலை செய்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், நாலு வருடம் இப்படியே தள்ளினார்கள். கடைசியில் பழைய பதிப்புக்கு ஆதரவு நின்றுவிட்டது என்று கடிதம் வந்தபின் ஓடி விழுந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, பழையதிலிருந்து புதியதற்கு நேரே பாய முடியாது. இடையில் இரண்டு பதிப்புகளில் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் சேவர்களையும் சேமிப்பகத்தையும் இணைக்கும் சுவிட்ச்சின் மென்பொருள் பொருந்த வேண்டும், சேவர்களின் ட்ரைவர் பொருந்த வேண்டும். வருடத்துக்கு ஒருக்கால் இரண்டு மணித்தியாலம் தர மறுத்தவர்கள் வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு பின்னேரம் வரை தந்தார்கள். அந்த ஞாயிறு என் மூத்த மகளின் பிறந்தநாள். அதை விடுவோம்.

நாலாவது வாதத்துக்குத்தான் கொஞ்சம் மரியாதை: கை வைத்தவர்கள்தானே கெடுத்தார்கள்? 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். காப்புப் பிரதி எடுக்கும் பக்கப் நிரலைத் திருத்தப் போய் வந்த வினை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை எழுதிவிட்டார்கள். நிறுத்திவிட்டு மாற்றியிருந்தால் ஒன்றும் போயிராது. பிழை மாற்றியதில் அல்ல, மாற்றிய நேரத்தில்.

நான் நேரில் பார்த்த விபத்துகள் வேறு மாதிரி. ஒவ்வொரு சேவரிலிருந்தும் சேமிப்பகத்துக்கு இரண்டு வழி இருக்கும். ஒரு கொன்ட்ரோலரைப் புதுப்பிக்கும்போது மற்றது சுமக்கும். காரைநகருக்கும் இரண்டு வழி: பொன்னாலைப் பாலம் ஒன்று, ஊர்காவற்துறைக்குப் போகும் மிதவைப் பாதை மற்றது. பாதை எப்போதோ பழுதாகிக் கட்டப்பட்டிருக்கிறது, பாலத்தால் போகிற சனம் அதைக் கவனிக்கவில்லை என்று வையுங்கள். திருத்தத்துக்காகப் பாலத்தை மூடினால் அன்றைக்கு ஊர் தனித்த தீவு. சேவர்களிலும் இதுதான் நடக்கிறது. ஒரு வழி ஆறு மாதம் முன்னரே செத்திருக்கும். மற்றது ஓடுவதால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். புதுப்பிக்கும் இரவில் சேவர் விழும், பழி அப்டேற் தலையில் ஏறும். ஓடுகிறது என்ற அதே மயக்கம்தான் இங்கேயும் ஆளைக் கவிழ்த்தது.

கடைசி வாதம் காசு. இதற்கு நான் வெளிநாட்டுக் கதை சொல்லத் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினியில், அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்கள் பாவித்த ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளைக் கப்பம் கேட்கும் மென்பொருள் பூட்டியது. ஒன்லைனில் இருந்த பக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ற்றின் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2013. அதைப் புதுப்பிக்க 2021-இலேயே திட்டம் இருந்ததாகவும், நிதி இல்லாமையாலும் தன் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களாலும் தள்ளிப்போனதாகவும் பொறுப்பான நிறுவனமே பின்னர் சொன்னது. இரண்டு வருடம் மிச்சம் பிடித்த காசு எவ்வளவென்று அண்ணை விசாரித்துச் சொன்னால் எழுதிக்கொள்வேன்.

அந்த எக்ஸ்சேஞ்ச் பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11-உடன் முடியும் என்று மைக்ரோசொஃப்ற் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. தாக்குதலுக்குப் பிறகு மீட்க முடியாமல் போன கடிதங்கள் மே 17-இலிருந்து ஆகஸ்ட் 26 வரையிலானவை. மே 17, ஆதரவு முடிந்து முப்பத்தாறாவது நாள். அன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.