கிரேனுக்கு அடியில் நிற்பவர்கள்

2023 ஜூலை 31-ந் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், தானே மாவட்டம் ஷாகாபூர் தாலுகா சர்லாம்பே கிராமத்தில் ராட்சத கிரேன் சரிந்து 20 பேர் மாண்டனர். மும்பை-நாக்பூர் விரைவுச் சாலைக்காகத் தூண்களின் மேல் கர்டர் ஏற்றும் வேலை. சுமார் 100 அடி உயரம். மாண்டவர்களில் இருவர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மகாராஷ்டிர அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்தது. வழக்கும் பதிவாயிற்று. அந்தச் சாலை 2025 ஜூனில் முழுவதும் திறக்கப்பட்டு வண்டிகள் ஓடுகின்றன.

இதற்குச் சரியாக மூன்றாண்டு முன்பு, 2020 ஆகஸ்ட் 1-ந் தேதி, விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் தளத்தில் பளு ஏற்றிச் சோதனை பார்த்தபோதே கிரேன் சாய்ந்து 11 பேர் இறந்தனர்.

விபத்து என்றால் விதி என்று சொல்லிவிடுகிறோம். கிரேன் விதியால் விழுவதில்லை. 50 டன் என்று அதன் மேல் எழுதியிருந்தால், எப்போதும் 50 டன் தூக்கும் என்று பொருளல்ல. கை நீள நீள, தூக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை ஆபரேட்டர் அறையிலேயே இருக்க வேண்டும். மழையில் ஊறிய மண் கால் ஊன்றிய இடத்தில் சற்றே அமுங்கினால் போதும். காற்று அடித்தால் தொங்கும் பளு ஊசலாடும். கம்பி வடத்தில் நாலு இழை அறுந்திருப்பதை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்ப்பவனே காண்பான். இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியைத்தான் காண்டிராக்டர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள்.

பல மொழிக்காரர் கூடிய இடத்தில் கூச்சல் உதவாது. கைச் சைகைதான் பாஷை. சைகை காட்ட ஒருவரே இருக்க வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். சித்தாள் காட்டினாலும் சரி. இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் மேஸ்திரி எத்தனை பேர்? தொங்கும் பளுவின் கீழே நிற்கச் சொன்னால் மறுப்பவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்பதே நடைமுறை.

1996-ம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், பளு தூக்கும் சாதனங்களைத் தகுதி பெற்றவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்றன. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துள்ளன. பெயர் மாறிவிட்டது. சான்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் சைட்டுக்கு வருகிறாரா என்பதே கேள்வி. சான்றின் நகலை சைட் வாசலில் ஒட்டச் செய்ய அரசுக்கு என்ன தடை?

இன்னொன்று. நாக்காவில் நின்று வேலைக்குப் போகிறவரின் பெயர் பெரும்பாலும் மஸ்டரில் ஏறுவதில்லை. நாளை ஒன்று நேர்ந்தால், அவர் அங்கே வேலை பார்த்தார் என்று மனைவி எதைக் காட்டுவாள்? ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால், நல வாரியத்தில் பதியலாம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்ச் சங்கங்கள் விழாப் பந்தல் போடும் கையோடு, ஞாயிறுதோறும் ஒரு மேஜை போட்டு இந்த மனுக்களை எழுதித் தர முன்வர வேண்டும். இந்தியும் மராத்தியும் எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் நம்மிடையே ஏராளம்.