புல்லட்டுக்கு சைடுகார்: கேட்டவர்களுக்கும் கோபித்துக்கொண்டவர்களுக்கும்

போன வாரம் செண்பகவல்லியம்மன் கோவில் வாசலில் என் புல்லட்டை யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள். சைடுகாரில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் தேங்காய் பழக் கூடை. படத்துக்குக் கீழே இரண்டு விதமான பேச்சு. ஒன்று, "ஷோலே படம் மாதிரியே இருக்கு சார், எங்க செஞ்சீக?" இன்னொன்று, என்னிடம் படித்த பிள்ளைகளே சிலர் எழுதியது: "அம்பது வருசத்து வண்டிய இப்படிக் கெடுத்துட்டீகளே சார்."

இந்தப் பதிவு இரண்டாவது கூட்டத்துக்குத்தான். முதல் கூட்டத்துக்கு வேண்டியதும் நடுவில் வரும். கொஞ்சம் நீளம். 34 வருடம் இயற்பியல் நடத்தியவனிடம் சுருக்கம் எதிர்பார்க்காதீர்கள்.

வண்டி 1971 மாடல், 350. பருத்தி வியாபாரி ஒருவரிடம் 1984-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது எனக்கு வேலை. கடைசி பஸ் போய்விட்டால் அங்கிருந்து திரும்ப வழி கிடையாது. பையனுக்குக் காய்ச்சல் என்றாலும், கழுகுமலைத் தைப்பூசம் என்றாலும், மாமியார் வீட்டு விசேஷம் என்றாலும் இந்த வண்டிதான். டேங்க் மேல் பையன், பின்னால் அவள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது.

2022-இல் மனைவி அடுப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். இப்போது கம்பு ஊன்றி நடப்பாள். காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியாது, ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு திருகும். ஆட்டோவில் ஏறினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அம்மா" என்பாள். மகன் சென்னையிலிருந்து கார் வாங்கச் சொன்னான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, 67 வயதில் பழகுகிற தைரியமும் இல்லை. அவளுக்குக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் பத்து நிமிடத்தில் வாந்தி வந்துவிடும். இவ்வளவு காரணம் அடுக்குகிறேனே, எனக்கும் ஆசைதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி இரண்டு வருடம் மாட்டுத் தொழுவத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு புல்லட் மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார், என்னைவிட மூத்தவர். தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு டீகம்ப்ரஷரைப் பிடித்து மெதுவாக ஒரு மிதி மிதித்தார். "இஞ்சின் பிடிக்கல சார், தூங்குது" என்றார். சிலிண்டரை போர் செய்து புது பிஸ்டன், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, முழு வயரிங். டேங்கைத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிக்க நான் சம்மதிக்கவில்லை. திருவொற்றியூர் ஆலையில் யாரோ ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த தங்கக் கோடு அதில் இன்னும் பாதி இருக்கிறது. என் முழங்கால் உரசி உரசி அழிந்தது மீதிப் பாதி. இரண்டும் இருக்கட்டும்.

சைடுகார் மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஸ்கூட்டருக்கென்று செய்தது. தரைத் தகடு துருவேறி சல்லடையாகிப்போயிருந்தது. சின்னச் சக்கரம். "இந்தச் சக்கரம் கரிசக்காட்டுல முங்கிப்போகும்" என்று அண்ணாச்சி அதைக் கழற்றி எறிந்துவிட்டு புல்லட் சக்கரமே போட்டார். மட்கார்டுக்கும் டயருக்கும் நாலு விரல் இடைவெளி விட்டார். ஐப்பசி மழையில் நம் ஊர் மண் டயரில் எப்படி அப்பும் என்று இங்கே பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் அரை பர்லாங்கில் சக்கரம் சுற்றாது.

இனி 'கெடுத்துட்டீக' என்பதற்கு வருகிறேன்.

புல்லட்டோடு சைடுகார் சேர்வது நான் கண்டுபிடித்த கூத்து அல்ல. ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த காலத்திலேயே சைடுகார் வண்டிகள் செய்தது. முதல் உலகப் போரில் அந்த சைடுகாரில் இயந்திரத் துப்பாக்கி பூட்டினார்கள், ஸ்ட்ரெச்சர் வைத்துக் காயம்பட்டவர்களையும் ஏற்றிப் போனார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் கார் வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு சைடுகார்தான் கார். எழுபதுகளில் ஸ்கூட்டரில் சைடுகார் வைத்து மனைவி மக்களோடு போகிறவர்களை மதுரையிலும் திருநெல்வேலியிலும் நானே பார்த்திருக்கிறேன். நடக்க முடியாத ஒருத்தியை ஏற்றிப் போவதற்கு சைடுகார் வைப்பது அந்த வண்டியின் பழைய வேலைதான்.

'ஒரிஜினல்' என்று சொல்கிற தம்பிகள், கம்பெனி விட்ட அன்று இருந்த நிலையைத்தான் ஒரிஜினல் என்கிறார்கள். நல்லது, அப்படி வைத்திருப்பவர்களை நான் மதிக்கிறேன். 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிக்குத் தனி நம்பர் வாங்கலாம். சேஸிஸ், பாடி, இஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது, தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டவும் கூடாது. கண்காட்சிக்குப் போகிற வண்டிக்கு அது சரி. நான் அந்த நம்பர் வாங்கவில்லை. ரிட்டயர் ஆனது நான், வண்டி இல்லை.

ஆனால் தம்பிகளின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சைடுகார் மாட்டுகிறேன் என்று பழைய சேஸிஸில் வெல்டிங் வைத்து, ஓட்டை போட்டு, அறுத்துத் தள்ளுகிறார்கள். அது அக்கிரமம், ஆபத்தும்கூட. சூடு பட்ட இடத்தில் பழைய குழாய் பலவீனமாகி, பாரம் ஏற ஏற விரிசல் விடும். நாங்கள் வண்டியில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவில்லை. நாலு இடத்தில் கிளாம்ப். தீப்பெட்டி மெஷினுக்குப் பாகம் கடைகிற லேத் பட்டறையில், குழாயின் அளவுக்கு உள்வட்டம் கடைந்து இரண்டு பாதியாகச் செய்து போல்ட்டில் இறுக்கியது. கீழே இரண்டு கிளாம்ப் பாரம் தாங்கும், மேலே இரண்டு சாய்வைப் பிடிக்கும். முக்கால் மணி நேரத்தில் சைடுகாரைக் கழற்றி வைத்துவிட்டால் வண்டி 1971-இல் இருந்த வண்டி. அவளுக்கும் எனக்கும் பிறகு யாராவது அப்படி வைத்துக்கொள்ள விரும்பினால் தடையே இல்லை.

மாட்டுவதைவிடப் பெரிய வேலை அளவு பிடிப்பது. இங்கேதான் யூடியூப் பார்த்துச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கா, ஐரோப்பாவில் பெரும்பாலும் சைடுகார் வலது பக்கம், நமக்கு இடது பக்கம். அங்கே சொல்கிற இடது வலது எல்லாம் இங்கே தலைகீழ்.

ஜோடி மாட்டு வண்டி ஓட்டியவனுக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். இடத்து மாடு பின்தங்கினால் வண்டி இடது பக்கமே ஒடியும் அல்லவா? ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது சைடுகார் அந்த இடத்து மாடு. வண்டியை இடதுபக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் எதிர்மாறு. சைடுகாருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அது முன்னே போகப் பார்க்கும், வண்டி வலதுபக்கம் திரும்பும். இதைக் குறைக்க மூன்று அளவு உண்டு. சைடுகார் சக்கரம் பின்சக்கரத்துக்கு நேராக இருக்கக் கூடாது, கொஞ்சம் முன்னே தள்ளி இருக்க வேண்டும். எங்களுக்கு 20 சென்டிமீட்டர். சக்கரத்தின் முன்பக்கம் வண்டியை நோக்கி இம்மியளவு ஒடுங்க வேண்டும். இரண்டு பக்கமும் நேரான அலுமினியச் சட்டம் வைத்து அளந்தோம், பின்னால் இருக்கிற அகலத்தைவிட முன்னால் 15 மில்லிமீட்டர் குறைவு. இது கூடினால் டயர் மாதக்கணக்கில் தேய்ந்துவிடும். மூன்றாவது, ஆள் ஏறாதபோது வண்டி வலதுபக்கம் ஒரு டிகிரி போலச் சாய்ந்து நிற்க வேண்டும். அவள் ஏறி உட்கார்ந்ததும் நேராகும். இந்த அளவு பிடிக்க அவளையே பட்டறைக்கு அழைத்துப்போய் மூன்று மணி நேரம் உட்கார வைத்தோம். "என்னை எடைக்கல்லா ஆக்கிட்டாக" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

கூடுதல் பாரத்துக்காக கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தோம். வேகம் குறையும், ஏற்றத்தில் திணறாது. முதல் நாள் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில்பார் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடியது, ஸ்டியரிங் டேம்பர் போட்ட பிறகு நின்றது.

ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள். 40 வருடம் புல்லட் ஓட்டிய பழக்கம் சைடுகாருக்கு உதவாது, கெடுதல் செய்யும். இதில் சாய்ந்து திரும்ப முடியாது, கார் மாதிரி ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் ஆக வேண்டும். காலியாக இருக்கும்போது இடதுபக்கம் வேகமாகத் திரும்பினால் சைடுகார் அந்தரத்தில் எழும்பிவிடும். எனக்கும் எழும்பியது, பள்ளிக்கூட மைதானம் என்பதால் பிழைத்தேன். அதிலிருந்து தனியாகப் போகும்போது சைடுகாரில் 30 கிலோ மணல் மூட்டை. ஒரு மாதம் மைதானத்தில் பழகிய பிறகுதான் அவளை ஏற்றினேன். நாற்கரச் சாலைக்கு இன்னும் கொண்டுபோகவில்லை, போகவும் மாட்டேன்.

கடைசியாகச் சட்டம். இதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, "இதெல்லாம் சினிமாவுலதான் சார்" என்று சிரித்தார்கள். சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 2-ஆம் பிரிவில், மோட்டார் சைக்கிள் என்றால் என்ன என்று சொல்கிற இடத்திலேயே, கழற்றக்கூடிய சைடுகாரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. மறுபக்கம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அது இருக்க வேண்டிய விதிதான், இல்லாவிட்டால் ரோட்டில் என்னென்ன ஓடும்! அதே சட்டம் மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றி அமைக்கவும் வழி வைத்திருக்கிறது. அவர் ஓட்டுவதற்கு மட்டுமல்ல, அவருக்காக ஓட்டுவதற்கும். மனைவியின் மாற்றுத்திறனாளி சான்றிதழை வைத்து மனுக் கொடுத்தேன். எட்டு மாதம், ஏழு நடை. கடைசியில் ஒரு அதிகாரி நேரில் வந்து, கிளாம்பை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, தானே சைடுகாரில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்து, கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன். அனுமதி வாங்காமல் மாட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இறங்காதீர்கள். விபத்து என்று வந்தால் நஷ்டஈடு கேட்கிற இடத்தில் தலை குனிந்து நிற்க வேண்டிவரும்.

என் மனைவிக்குச் சான்றிதழ் இருந்தது. இல்லாதவர்கள்? முட்டி தேய்ந்த அம்மாக்கள் நம் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர். தீப்பெட்டிக் கட்டு ஒட்டி ஒட்டிச் சம்மணம் போட்டே தேய்ந்த முட்டிகள் அவை. அவர்களுக்கு யார் சான்றிதழ் தருவார்? நம் அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இலவசமாகத் தருகிறது, அருமையான திட்டம். ஓட்டுகிறவருக்குக் கால் முடியாது என்றால் யோசித்தவர்கள், பின்னால் உட்காருகிறவருக்குக் கால் முடியாது என்றால் ஏன் யோசிக்கவில்லை? கிளாம்ப் எப்படி இருக்க வேண்டும், அகலம் எவ்வளவு, பிரேக், விளக்கு என்ன என்று ஒரு பக்கத்தில் அளவு எழுதிக் கொடுத்து, பரிசோதித்து அனுமதித்தால் போதும். எட்டு மாதம் எதற்கு?

அண்ணாச்சிக்கு இப்போது கண் பார்வை குறைகிறது. பாயின்ட் இடைவெளியை விரல் நகத்தால் தடவிச் சரிசெய்கிறார். பட்டறையில் இருக்கிற பையன் ஃபோனில் இருந்து தலை நிமிர்த்துவதில்லை. ஆகவே என்னைத் திட்டிய தம்பிகளில் கை அழுக்காவதில் கவலை இல்லாதவர் யாராவது இருந்தால், ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் வாருங்கள். அளவெல்லாம் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன், தருகிறேன். ஒன்பதரை வரை நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். அவளுடைய அக்கா வீடு நாலாட்டின்புத்தூரில் இருக்கிறது.